புல்லு வண்டியோட வாய்

கை உள்ள போக மாட்டேங்குது. வழி இல்லாம இல்ல, நான்தான் விட மாட்டேங்கறேன். ரப்பர் கிளவுஸ் மாட்டி, அதுக்கு மேல பாத்ரூம் கழுவற கிளவுஸையும் மாட்டியாச்சு, அப்பவும் விரல் வாசல்லயே நிக்குது. சீ, என்ன நாத்தம்டா சாமி இது. புல்லு அழுகினா ஒரு நாத்தம், அது தெரியும், அது பரவாயில்ல, மாட்டுக்கொட்டாய் நாத்தம் மாதிரி ஒரு நியாயமான நாத்தம். இது அது இல்ல. இதுல பூசணிக்காய் இருக்கு, மூணு வாரமா இந்த வண்டிக்கு அடியில, கத்தி சுத்தற தகரக்கூண்டுக்குள்ள, ஈரப்புல்லோட ஒட்டிக்கிட்டு இனிச்சு புளிச்சுப் போன பூசணிக்காய். நான் கராஜ் வாசல்ல சிமெண்ட்டுத் தரையில ஒரு பழைய பெட்ஷீட்டை விரிச்சு ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, என் மூஞ்சிக்கு நேரா அந்த வாயைப் பாத்துக்கிட்டு இருக்கேன். உக்காந்து ஓட்டிப் புல்லு வெட்டற இந்த வண்டியோட வலது பக்கத்துல, வெட்டின புல்லைத் துப்பறதுக்குன்னு ஒரு வாய் வச்சிருக்கான். அந்த வாய்க்கு மேல கறுப்பு பிளாஸ்டிக்ல தாடை மாதிரி ஒரு மூடி, புல்லு மேல பறக்காம தரையைப் பாத்து விழறதுக்கு. புல்லு மட்டுமா, கல்லு, குச்சி, எலும்பு, எது அடியில மாட்டினாலும் தரையைப் பாத்தே போகணும்னுதான் அந்த மூடி. அந்த மூடி இப்ப பாதிதான் இருக்கு. மீதிப் பாதிக்கு பதிலா என் மாமனார் ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் முறத்தைக் கட்டி வச்சிருக்கார். என் முறம், நான் நாமக்கல்லுல இருந்து பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்த முறம், எள்ளு புடைக்கற முறம். அதை ரெண்டா அறுத்து, ஓட்டை போட்டு, கம்பியால கட்டி, "அம்சமா உக்காந்துருச்சு பாரு கண்ணு"ன்னு என்கிட்டயே காட்டினார். அதை இப்பத்தான் கட்டிங் பிளேயரால வெட்டித் தூர வீசினேன். புல்வெளியில மல்லாந்து கிடக்குது.

என் பொண்ணு யாழி மாடியில தூங்குறா. போனைத் தலைமாட்டுல வச்சிருக்கேன், அவ ரூம்ல இருக்கற கேமரா அதுல தெரியுது, வலது கை தலைக்கு மேல, வாய் லேசாத் திறந்திருக்கு. எந்திரிச்சா முதல் பேச்சே "அப்பா, வண்டி"தான். அவ அப்பா ஜெகனும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். நாளைக்குத் தீபாவளி கெட்-டுகெதர், எட்டுக் குடும்பமோ ஒன்பதோ, எல்லாரும் குஞ்சு குளுவானோட நம்ம வீட்டுப் பின்பக்கத்துக்குத்தான் வர்றாங்க, புல்லு முழங்காலுக்குக் கிடக்குது, ஓஹையோவுல வெயிலு இன்னைக்கு ஒரு நாள்தான்னு போன்ல போட்டுட்டானாம். "அவ எந்திரிக்கட்டும், மடியில வச்சு நாலு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்"ன்னான் சாப்பிடும்போது. ரசத்துச் சாதத்தை உறிஞ்சிக்கிட்டே சொன்னான். மடியில. நான் என் தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டேன். புது மூடி கூரியர்ல வந்து நடையில கிடக்குது, நான்தான் வாங்கினேன், நான்தான் மாட்டணும், ஏன்னா மாட்டணும்னு நினைக்கற ஆள் இந்த வீட்டுல நான் ஒருத்திதான். அவ எந்திரிக்கறதுக்குள்ள மாட்டிடணும். மாட்டிட்டாலும் மடி கிடையாது, அது வேற சண்டை, அதை அப்புறம் போடலாம். விடு, விட்டுத்தான் ஆகணும், கையை விடு கோதை.

விட்டுட்டேன். ஐயோ. வழவழன்னு இருக்கு. பிடிச்சு இழுத்தா பொத்துன்னு ஒரு கத்தை வருது, வெளியில பச்சை, உள்ள கறுப்பு, நடுவுல ஆரஞ்சு நாரு. நாருல செகப்பா இருக்கறது குங்குமம். குங்குமம்னு எனக்குத் தெரியும், நான்தான் டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்தேன், ஆனாலும் கை நம்ப மாட்டேங்குது, அது வேற என்னமோன்னு நினைச்சுக்கிட்டு பின்னால வருது. இன்னொரு கத்தை. இதுல வெள்ளையா நெளியுது. புழுன்னு கையை உதறிட்டேன். புழு இல்ல. முளை. பூசணி விதை, அந்த இருட்டுல, கத்திக்கு மேல தகரத்துல ஒட்டிக்கிட்டு முளை விட்டிருக்கு, வெளிச்சமே படாத வெள்ளை, சின்னச் சின்னதா வளைஞ்சு. புழுவா இருந்திருக்கலாம். புழுன்னா கழுவிட்டுப் போயிடலாம். இது என்னமோ பிள்ளை பெத்து வச்ச மாதிரி. தூ. நான் ஒண்ணும் அசிங்கம் பாக்கற ஆளு இல்ல. யாழி வயித்தால போனப்ப ராத்திரி பகல்னு பாக்காம அள்ளினவதான். மாமா தினம் காலையில கிச்சன் சிங்க்குல காறித் துப்பறாரு, பாத்ரூம்னு ஒண்ணு இருக்கறதே மறந்துடும் அவருக்கு, அதையும் சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டு அதுலயேதான் அரிசி களையறேன். அதெல்லாம் உடம்புல இருந்து வர்றது, உடம்புன்னா வரத்தான் செய்யும். இது உடம்புல இருந்து வரல. இது புத்தியில இருந்து வந்துச்சு.

ஆயுத பூஜை அன்னைக்கு மாமாதான் சொன்னார், புது வண்டி வாங்கியிருக்கே, பூசணிக்காய் சுத்தலேன்னா எப்படின்னு. அவர் நாமக்கல்லுல லாரி வச்சிருந்தவர். லாரி கிளம்பினா பூசணிக்காய், டயர் மாத்தினா பூசணிக்காய், அந்த வீட்டுல திருஷ்டி கழிக்காம ஒரு சக்கரம் உருண்டதில்ல. சரி, சுத்துங்க, எனக்கு என்ன. வெள்ளைப் பூசணி கிடைக்கல, ஹாலோவீனுக்குன்னு கடையில குவிச்சு வச்சிருந்த ஆரஞ்சுப் பூசணியை ஜெகன் தூக்கிட்டு வந்தான். மேல குடைஞ்சு, குங்குமத்தைக் கொட்டி, காசு போட்டார் மாமா. காசு போடறது வழக்கம்தான், ஊர்ல ரோட்டுல உடைச்சா பசங்க வந்து பொறுக்கிட்டுப் போவாங்க. இங்க யார் பொறுக்குவா? அதை யாரும் யோசிக்கல, நானும்தான் யோசிக்கல, நான் சுண்டல் தாளிச்சுக்கிட்டு இருந்தேன். குவார்ட்டர் காசு, கால் டாலர், கெட்டிக் காசு, ஒரு கை அள்ளிப் போட்டார். கற்பூரத்தை ஏத்திச் சுத்திட்டு வண்டிக்கு முன்னால புல்லு மேலயே போட்டு உடைச்சார். புல்லுல எங்க உடையும், ரெண்டா பிளந்துச்சு, அவ்வளவுதான். ஜெகன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டியில ஏறினான், எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்கு. அதோட விட்டிருந்தா ஒண்ணும் இல்ல. மாமா கையைத் தட்டிக்கிட்டு சொன்னார், "டேய், வண்டிக்கா பூஜை? ஆயுதத்துக்குத்தானே பூஜை? கத்தியைச் சுத்த விடுடா!" அதுல ஒரு நியாயம் வேற இருக்கு பாரு, அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. ஆயுதம்னா கத்திதானே. என் புருசன் அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிச்சவன், அப்பா சொன்னாருன்னு மஞ்சக் குமிழை இழுத்து, கத்தியைச் சுத்த விட்டு, பூசணிக்காய் மேலயே ஏத்தினான். பூசணிக்காயும் காசும் குங்குமமும் எல்லாத்துக்கும் மேல.

சத்தம் ரெண்டு தடவை வந்துச்சு. முதல் சத்தத்துல மூடி பாதியாப் பறந்துச்சு. ரெண்டாவது சத்தம் அந்தாண்ட, வலது பக்கம், யாழியோட மஞ்ச சறுக்குமரத்துல. அவ அதுக்குப் பக்கத்துல பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. சிரிச்சுக்கிட்டு நின்னா. நான் கையில கரண்டியோட வாசல்படியில. இந்த இடம் வந்தா எனக்கு மறுபடியும் அந்த வாசல்படியில இருந்துதான் ஆரம்பிக்குது, கரண்டி, சத்தம், மஞ்ச பிளாஸ்டிக், பட்டுப்பாவாடை, திரும்பக் கரண்டி. பாத்திரம் விளக்கும்போது வரும், மீட்டிங்ல எவனாவது பேசிக்கிட்டு இருக்கும்போது வரும். காசு சறுக்குமரத்துக்குள்ள பாதி புதைஞ்சு நின்னுச்சு. அன்னைக்கு சாயங்காலம் யாரும் பாக்காதப்ப நான் அவளை அது பக்கத்துல கூட்டிட்டுப் போய் நிக்க வச்சுப் பாத்தேன். "என்னம்மா, போட்டோவா?"ன்னா. காசு அவ நெத்திப்பொட்டுக்கு நேரா இருந்துச்சு. நான் யார்கிட்டயும் அதைச் சொல்லல. சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும், ஏன்னா அதுக்கு முன்னாலயே சொல்லிட்டாங்க. மாமா சொன்னார், "பாத்தியா, எவ்வளவு பெரிய திருஷ்டி, பெருசா வர வேண்டியது இத்தோட போச்சு." சொல்லிட்டு உள்ள போய் சந்தனக் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து, அந்த ஓட்டையைச் சுத்திப் பொட்டு வச்சார். சந்தனம், அதுக்கு நடுவுல குங்குமம். என் பிள்ளை நெத்திக்கு வந்த காசுக்குப் பொட்டு. ஜெகன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். "ஒண்ணும் ஆவல இல்ல, விடு"ன்னான். நான் அப்ப ஏன் கரண்டியால ரெண்டு பேர் மண்டையிலயும் போடல? மாமா இருக்கும்போது நான் அவனைப் பேர் சொல்லிக் கூடக் கூப்பிடறதில்லயே, என்னங்க, வாங்க, போங்க, அப்புறம் எங்க கரண்டி.

ஒண்ணும் ஆவாது. இந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்ப இந்த வண்டிக்கு அடியில வர்ற நாத்தம்தான் வருது. மூடி உடைஞ்சு போச்சுங்க, மாத்தலாம்ங்க. ஒண்ணும் ஆவாது. முறத்தைக் கட்டினா எப்படிங்க நிக்கும், அது கல்லைத் தாங்குமாங்க. ஒண்ணும் ஆவாது. பாப்பாவை மடியில வைக்காதீங்க, வழுக்கினா நேரா கத்திக்குத்தான் போவா. நாங்கல்லாம் லாரி எஞ்சின் மேல உக்காந்து வளர்ந்தவங்க, ஒண்ணும் ஆவாது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன், யார் இல்லேன்னா? எங்கப்பா டி.வி.எஸ். 50-ல முன்னால நிக்க வச்சு ராசிபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போவார், ஹாண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு நான், வாயில பூச்சி அடிக்கும், எச்சிலோட துப்புவேன், அவ்வளவு சந்தோசம். ஒண்ணும் ஆகல. ஆகாதவங்கதானே இப்ப உக்காந்து ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றோம். ஆனதுங்க எங்க வந்து சொல்லப் போகுது? அந்தப் பேச்சுக்குள்ள போனா எனக்குத் திரும்ப வரத் தெரியல, வேண்டாம். போன்ல பாரு. புரண்டு படுத்திருக்கா. இன்னும் கொஞ்சம் தூங்குடி தங்கம், அம்மா முடிச்சிடறேன்.

உள்ள ஓரளவுக்கு வந்துருச்சு. ஒரு பக்கெட் நிறைய. அதுல நடுவுல எதிர்வீட்டு நாய்ப் பீயும் இருக்கு, எனக்கு இப்ப அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. நடையில இருந்து புது மூடியை எடுத்துட்டு வந்து உக்காந்தேன், பளபளன்னு இருக்கு, புது பிளாஸ்டிக் வாசனை, அதை மூக்குகிட்ட வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன், கோயில்ல தீர்த்தம் வாங்கற மாதிரி. சுலபம்தான், வீடியோவுல ஒரு ஆளு சூயிங்கம் மென்னுக்கிட்டே மாட்டினான். தகரத்துல ரெண்டு காது இருக்கு, மூடியில ரெண்டு காது, நாலு காதையும் நேரா வச்சு ஒரு கம்பியைச் சொருகி, ஸ்பிரிங்கை மாட்டினா முடிஞ்சுது. முன்பக்கத்துக் காதுல கம்பி போகுது. பின்பக்கத்துக் காதுல போக மாட்டேங்குது. குனிஞ்சு பாத்தா, வளைஞ்சு கிடக்குது. முதல் காசு அங்கதான் அடிச்சிருக்கு, இரும்பையே வளைச்சிருக்கு. இரும்பை. நான் சுத்தியலை எடுத்து மெதுவாத் தட்டினேன். கொஞ்சம் நேராச்சு. இன்னும் கொஞ்சம் தட்டினேன். நேரா வந்து, டப்புன்னு உடைஞ்சு என் மடியில விழுந்துச்சு. விழுந்ததைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இனி வெல்டிங் வைக்காம எதுவும் நிக்காது. இன்னைக்கு சனிக்கிழமை சாயங்காலம், எவன் வெல்டிங் வைப்பான். அப்ப மூடி இல்ல. இன்னைக்கு மூடி இல்ல. கருமம், கருமம், கருமம். நான் அழல, கிளவுஸ் போட்ட கையால கண்ணைத் துடைக்க முடியாதுன்னு அழல.

போன்ல கட்டில் காலியா இருக்கு. எப்ப எந்திரிச்சாளோ, நான் பாக்கலையே. அதுக்குள்ள உள்கதவு திறக்கற சத்தம், அவ குரல், "வண்டி, வண்டி, வண்டி." ஜெகன் அவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு கராஜுக்குள்ள இருந்து வர்றான். பின்னால மாமா, காதுல மப்ளரைச் சுத்திக்கிட்டு.

"என்ன, முடிஞ்சுதா?"

"இல்லைங்க. காது உடைஞ்சிருச்சு. மூடி நிக்காது."

அவன் குனிஞ்சு பாத்தான். மூக்கைச் சுளிச்சான், நாத்தத்துக்கு, உடைஞ்ச காதுக்கு இல்ல. மாமா புல்லுல கிடந்த முறத்தைப் பாத்துட்டார். "அடடா, நல்லா இருந்ததை ஏன் கண்ணு அறுத்துப் போட்டே?"

"அதைக் கட்டிக்கலாம் விடு"ன்னான் ஜெகன். "இல்லாட்டியும் பரவால்ல, இன்னைக்கு ஒரு நாளு தானே. வலது பக்கம் யாரும் வராமப் பாத்துக்கிட்டாப் போச்சு. பாப்பா என் மடியிலதான இருப்பா. இருட்டறதுக்குள்ள முடிச்சர்றேன், எந்திரி. ஒண்ணும் ஆவாது."

யாழி அவன் தோள்ல இருந்து வண்டிக்குத் தாவறா, காலை உதைச்சுக்கிட்டு. நான் எந்திரிச்சேன். கிளவுஸை ஒண்ணு ஒண்ணாக் கழட்டி பக்கெட்டுல போட்டேன். அவன் நான் வழி விடறேன்னு நினைச்சு ஒதுங்கினான். வேலை பாக்கும்போது எஞ்சின் கிளம்பிடக் கூடாதுன்னு கழட்டி வச்சிருந்த பிளக் வயரை மாட்டினேன். ஏறி உக்காந்தேன். சாவி என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு, சொருகித் திருப்பினேன், உறுமிக்கிட்டு எந்திரிச்சுது. யாழி கையைத் தட்டினா. எனக்குக் குரல் சாதாரணமா வந்துச்சு, சாம்பார் போதுமான்னு கேக்கற மாதிரி.

"மாமா, பாப்பாவை வாங்கிக்கிட்டு உள்ள போங்க."

"எதுக்குமா?"

"போங்க மாமா. கதவைச் சாத்திக்குங்க."

என் மூஞ்சியைப் பாத்தாரு போல. வாங்கிக்கிட்டார். யாழி வீல்னு கத்தினா, கத்தட்டும். கதவு சாத்தற சத்தம் கேட்ட அப்புறம்தான் அவனைப் பாத்தேன்.

"ஜெகா, நீ சறுக்குமரத்துகிட்ட போய் நில்லு."

வாய் திறந்து நிக்கறது அந்தப் பக்கத்தைப் பாத்துத்தான். மூடி இல்லாத வாய். அதுக்கு நேரா, புல்லுக்கு அந்தாண்ட, மஞ்ச சறுக்குமரம், அதுல காஞ்சு போன சந்தனப் பொட்டு, நடுவுல காசு.

"என்ன கோதை, விளையாட்டா?"

"விளையாட்டு இல்ல. போய் நில்லு. கொஞ்சம் குனிஞ்சு நில்லு, பொட்டு உன் நெத்திக்கு நேரா வரட்டும். அவ உயரம் அவ்வளவுதான்." கத்தியைச் சுத்த விடற மஞ்சக் குமிழ் மேல கையை வச்சேன். இழுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். தெரியும்னுதான் நினைக்கறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, விரல் இழுக்கணும்னு நினைச்சுச்சு, அந்த விரலைப் பாக்க எனக்கே அருவருப்பா இருந்துச்சு, பக்கெட்டுல கிடக்கறதை விட.

அவன் சிரிச்சான். ரெண்டு அடி எடுத்து வச்சான், சும்மா ஒரு வீம்புக்கு. வாய்க்கு நேரா வர்றதுக்குள்ள கால் நின்னு போச்சு. உள்ள பாத்தான், கத்தியோட நுனி தெரிஞ்சிருக்கும், நான் இப்பத்தானே சுத்தமாத் துடைச்சு வச்சிருக்கேன். என் கையைப் பாத்தான். சிரிப்பு எங்கயோ போயிருச்சு.

"வேணாம் கோதை. எதாவது பறந்து பட்டுரும்."

"என்ன பறக்கும்? பூசணிக்காய்லாம் எடுத்துட்டேன்."

"கல்லு கில்லு எதாவது இருக்கும்ல..."

"ஒண்ணும் ஆவாது ஜெகா."

எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, சீட்டு நடுங்குது. அவன் மூஞ்சியில வேர்வை. அந்தக் குளிர்ல. கல்யாணம் ஆனதுல இருந்து அவன் பயந்து நான் பாத்ததில்ல. பாக்க சகிக்கல. ஆனா பாத்தேன், முழுசா பாத்தேன்.

சாவியைத் திருப்பி அணைச்சேன். எடுத்துப் பாக்கெட்டுல போட்டேன். சத்தம் நின்ன உடனே வீட்டுக்குள்ள யாழி அழறது கேட்டுச்சு. "நாளைக்குப் புல்லு இப்படியேதான் இருக்கும். யாராவது கேட்டா சொல்லிக்கலாம்"ன்னேன். அவன் தலையை ஆட்டினான். கராஜுக்குள்ள போகணும்னா வண்டிக்கு வலது பக்கமா ரெண்டு எட்டு வச்சாப் போதும். எஞ்சின் நின்னுருச்சு, சாவி என்கிட்ட இருக்கு, கத்தி அசையல, எல்லாம் அவன் கண்ணு முன்னாலதான். அப்பவும் அவன் அந்த வாயைப் பாத்துக்கிட்டே பின்னால நகர்ந்து, பக்கெட்டைத் தாண்டி, வண்டியோட பின்பக்கமா முழுசா ஒரு சுத்து சுத்தி, இடது பக்கமாத்தான் உள்ள போனான்.